கடைசி ஆள் ஏறும்வரை

தான் எழுதிய மந்திரம் வெறும் கற்பனை என்று தெரிந்த ஒருவர், அதை நம்பியவர்களுக்காக ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? உதுமான் அண்ணாச்சி இறந்த பிறகு, அவரைத் தெரிந்தவர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். அவருடைய நாவலுக்குச் சரித்திரத் தகவல்கள் எடுத்துக் கொடுத்தவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையின் முடிவிலும் தெரியப்போவதில்லை.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. கல்லூரியில் வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தபோது அவருடைய மருமகன் போனில் அழைத்தார். "டீச்சர், மாமா மவுத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு எடுக்கோம்." பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையத்துக்கு ஆட்டோவில் போகும்போது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அமல் கடலுக்குப் போயிருக்கிறானா? துக்க வீட்டுக்குப் போகிறவளுக்கு வரவேண்டிய எண்ணம் இல்லை அது. ஆனாலும் அதுதான் வந்தது.

அமல் யார் என்று சொல்வதற்கு முன்னால் அந்த நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி தூத்துக்குடியில், துறைமுகச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். மேலப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தார். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் முத்துக்குளிப்பு பற்றிய புத்தகங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு அறிமுகமானார். நான் தேடியதும் அதே அலமாரியில்தான் இருந்தது.

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. குளிப்பவர்கள் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டிவைப்பது அவர் வேலை. அவர் வராமல் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஆட்சிகள் மாறின, மதங்கள் மாறின. புதிதாக வந்த ஒவ்வொரு அதிகாரமும் அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதியது. எழுதிவிட்டு அவருக்குச் சம்பளமும் கொடுத்தது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"எல்லாரும் உள்ள இருக்கும்போது அவன் என்ன செஞ்சிட்டிருந்தான், டீச்சர்?" என்று கேட்டார்.

ஒன்றும் சாப்பிடாமல் காத்திருப்பார் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்.

"அப்போ அங்கனதான் கதை கெடக்கு" என்றார்.

அந்தக் கதைதான் 'வாய்க்கட்டு'. கொற்கை துறைமுகமாக இருந்த ஏதோ ஒரு காலத்தில், தாழை என்ற பெண்ணுக்குக் கடலைக் கட்டும் சக்தி உண்மையிலேயே இருக்கிறது. பொதிகை மலையிலிருந்து ஆற்றோடு இறங்கி வரும் ஒரு துறவிக் கூட்டம், அந்தச் சக்தி தங்கள் தெய்வத்துக்கு உரியது என்கிறது. முதலில் அவளைத் தண்டிக்கிறார்கள். பிறகு தங்கள் பெயரைச் சொல்லிக் கட்டச் சொல்கிறார்கள். கடைசியில் மந்திரத்தைச் செப்பேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அவளை ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் துறவிகளின் தலைவர் செப்பேட்டைப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் மந்திரத்தைச் சொல்கிறார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறார். கடல் சிவக்கிறது. ஏனென்றால் மந்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைசி ஆள் ஏறும்வரை, சொன்னவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்க வேண்டும். தாழை அதை யாரிடமும் மறைக்கவில்லை. அவர்கள்தான் அதைச் செப்பேட்டில் ஏற்றத் தகுந்த விஷயமாக நினைக்கவில்லை.

நாவலுக்காக நாங்கள் இருவரும் ஒருமுறை கொற்கைக்குப் போனோம். இன்று அங்கே கடல் இல்லை. வாழையும் நெல்லும்தான். அண்ணாச்சி வரப்பில் நின்று கிழக்கே பார்த்து, "கட்டினவளத் துரத்தினா கடல் மட்டும் இங்கனயே நிக்குமா? அதுவும் கோவிச்சிட்டுப் போயிட்டு" என்றார். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் காரணம் என்று நான் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டல்னு எழுதினா எவன் வாசிப்பான், டீச்சர்?" என்றார்.

மந்திரத்தை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். உண்மையான கடல்கட்டிகள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு எந்த ஆவணத்திலும் கிடைக்கவில்லை. அதனால் காற்றுகளின் பெயரையும் மீன்களின் பெயரையும் கலந்து நாங்களே செய்தோம். "முழுசாப் புரியவும் கூடாது, புரியாமலும் போயிரக் கூடாது" என்பது அவர் வைத்த விதி. "கச்சான் நில்லு, கொண்டல் நில்லு, கருங்கடல் வாயே மடங்கு மடங்கு" என்று தொடங்கும். நடுவில் அவர் விலாங்கு மீனைச் சேர்க்க, நான் எதுகை கெடுகிறது என்று எடுக்க, மறுபடியும் அவர் சேர்க்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அதைவிடச் சந்தோஷமாக நான் செய்த ஆய்வு வேறு இல்லை.

புத்தகம் அதிகம் விற்கவில்லை. ஆனால் ஒரு கோயில் தர்மகர்த்தாவும், ஒரு கிறிஸ்தவப் பங்கின் கோயில்பிள்ளையும், ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரும், அந்தத் துறவிகள் தங்களைத்தான் குறிக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கோபித்துக்கொண்டார்கள். "மூணு பேருக்கும் உறைச்சிருக்கு. அப்போ உப்பு, காரம் சரியாத்தான் இருக்கு" என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

கித்தேரியம்மாள், ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஒரு கடற்கரை ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்து மேலப்பாளையம் தெருக்களில் விற்பவர். ஒருநாள் அண்ணாச்சி வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்தபோது அந்த அம்மாளின் போனில் ஒரு குரல்பதிவு ஓடியது. கச்சான் நில்லு, கொண்டல் நில்லு. யாரோ ஒருவர் நாவலிலிருந்து அந்தப் பகுதியைக் கனத்த குரலில் வாசித்து, பழைய கடல்கட்டி மந்திரம் என்று வாட்ஸப்பில் விட்டிருக்கிறார். அது கரையோர ஊர்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்திருக்கிறது. சங்கு குளிப்பவர்கள் இறங்குவதற்கு முன்னால் படகில் அதைப் போட்டுக் கேட்கிறார்கள். கித்தேரியம்மாளின் மகன் அமலும் சங்குதான் குளிக்கிறான்.

அடுத்து நடந்ததை அண்ணாச்சியே என்னிடம் நடித்துக் காட்டினார்.

"இது நான் எழுதினதும்மா. கதைக்காவ எழுதினது."

"நீங்க எழுதினதா?" கித்தேரியம்மாள் தராசைக் கீழே வைத்தார். "அப்போ நீங்கதான் கடல்கட்டியா அண்ணாச்சி? இத்தன நாளா உங்களுக்கா நான் நெத்திலி நிறுத்துப் போட்டேன்?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. கதை. பொய்."

"சொன்னவுக வாயாலயே எம் மவனுக்குச் சொல்லிருங்க. ரெக்கார்டுல கேக்கதுக்கும் ஆளு சொல்லுததுக்கும் வித்தியாசம் இருக்கில்லா?"

தப்பித்துக்கொள்வதற்காக அண்ணாச்சி நாவலில் உள்ள நிபந்தனையைச் சொன்னார். சும்மா சொன்னால் பலிக்காது, அவன் ஏறும்வரை சொன்னவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, தனக்கோ சர்க்கரை வியாதி என்றார்.

கித்தேரியம்மாள் யோசித்துவிட்டு, "அவன் காலையில இறங்கினா மத்தியானத்துக்குள்ள ஏறிருவான். இருங்க" என்றாராம்.

இந்த இடத்தில் அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு கடலுக்குப் போகும் நாட்களில் அமல் காலையில் போன் செய்வதும், அண்ணாச்சி மந்திரத்தைச் சொல்வதும், "ஏறியாச்சு அண்ணாச்சி" என்று மறு போன் வரும்வரை அவர் சாப்பிடாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டது என்று தெரிந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. அவர் வீட்டு வாசலில், சாக்கடைக்கு மேலே போட்ட சிமெண்டுப் பலகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவருடைய கடற்கரை அதுதான்.

நான் போய்ச் சண்டை போட்டேன். சண்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

"சுறா எங்கே இருக்கு அண்ணாச்சி இப்போ? அவனைக் கொல்லப்போறது சுறா இல்லை. கம்ப்ரசர்ல இருந்து வர்ற ட்யூபைக் கடிச்சுக்கிட்டு இறங்குறான். காத்துல புகை கலந்தா மயக்கம். வேகமா ஏறினா கைகால் விளங்காமப் போயிரும். இதுக்கெல்லாம் உங்க விலாங்கு மீன் வருமா?"

"அதையும்தான் சொல்லுதேன். பைய ஏறு, தனியா இறங்காதே, புகை வாடை அடிச்சா இறங்காதேன்னு."

"மந்திரத்தோட சேர்த்தா?"

"சேத்துச் சொன்னாத்தான் கேக்கான். நீங்க வேணா தனியாச் சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தேன். அமல் மரியாதையாகக் கேட்டான், எல்லாவற்றுக்கும் "சரி டீச்சர்" என்றான். பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "யாரு அண்ணாச்சி அந்த அம்மா, கம்ப்ரசர் விக்கிற ஆளா?" என்று கேட்டிருக்கிறான்.

பொய்யான ஓர் அதிகாரத்தின் பேரில் நல்லதைச் சொன்னாலும், அதே பேரில் நாளை வேறொருவர் கெட்டதைச் சொல்வார், அதையும் அவன் கேட்பான் என்றேன். உங்கள் நாவலே அதைப் பற்றியதுதானே என்றேன். அண்ணாச்சி, "நீங்க சொல்லுதது சரிதான், டீச்சர்" என்றார். அவர் ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. போகும்போது இதையும் சொன்னார்: "மந்திரம் பலிச்சுதா, பலிக்கலியான்னு எல்லாரும் கேக்காங்க. சொன்னவன் அந்நேரம் எங்க இருந்தான்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்."

எல்லோரும் அசரத்து என்று அழைக்கும் பள்ளிவாசல் இமாம் அவர் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கிருந்தேன். வயதில் இளையவர், நிதானமானவர். குரலை உயர்த்தவே இல்லை.

"நோன்பு படைச்சவனுக்கு மட்டும்தான், காக்கா. ஒரு ஆளு கடல்ல இறங்குறதுக்காக நோன்பு வைக்க மார்க்கத்துல இடமில்லை."

"நோன்பு வைக்கல, அசரத்து. சாப்பிடல. அவ்வளவுதான்."

"அந்தப் பொம்பளையும் அப்படித்தான் நினைக்கிறாங்களா?"

அண்ணாச்சி கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அவங்க புள்ளையைக் காப்பாத்துறது நீங்கன்னு அவங்க நினைச்சா, அந்தப் பாவம் உங்க மேலதான் வரும். அதுவும் போக, நீங்க மாத்திரை போடுற ஆளு."

மத விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்று அந்த அறையில் நான் சொல்ல நினைத்த ஒவ்வொன்றையும் அந்த இளைஞர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மார்க்கத்துக்காகச் சொன்னார், நான் பகுத்தறிவுக்காகச் சொல்லியிருப்பேன். எங்கள் இருவருக்கும் எதிரே, தண்ணீர்கூட எடுத்துக்கொள்ளாமல், போன் மணியை எதிர்பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். தாழையின் எதிரே துறவிகள் உட்கார்ந்து பேசும் அத்தியாயம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதில் எனக்கு எந்த இடம் என்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"சரி அசரத்து. விட்டுருதேன்" என்றார் கடைசியில். அவருடைய மனைவி ஜமீலா அக்கா உள்ளே இருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றது கேட்டது.

விட்டாரா?

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஜமீலா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் போய்விட்டார்கள். அக்கா மெதுவாகச் சொன்னார். "காலையில இடியாப்பம் வச்சேன். வேண்டாம்னுட்டாங்க. வயிறு சரியில்லன்னாங்க. நெசமாவே வயிறுதானா, இல்ல அந்தப் பையன் போன் பண்ணிருந்தானா, எனக்குத் தெரியல டீச்சர். உக்காந்த நாற்காலியிலயே போயிட்டாங்க."

மருத்துவர் இதயம் என்று சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒருமுறை அடைப்பு எடுத்த இதயம்தான். பட்டினியால் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

அடக்கத்துக்கு முன்பே அண்ணாச்சியின் போன் அடித்திருக்கிறது. மருமகன் எடுத்தவுடன், யார் என்ன என்று கேட்காமலே, "ஏறியாச்சு அண்ணாச்சி, சாப்பிடுங்க" என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. அமலுக்கு விஷயம் அப்படித்தான் தெரிந்தது.

மாலையில் கித்தேரியம்மாள் வந்தார். கூடை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குள் வரத் தயங்கித் தெருவிலேயே நின்றார். நான் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மவனுக்காவத்தான் போயிட்டாகளோ, டீச்சர்?"

அவருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது என்று மட்டும் சொன்னேன். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கித்தேரியம்மாள் கேட்டார்.

"அந்த மந்திரத்த நீங்களும் சேந்துதான் எழுதினியளாம். அண்ணாச்சி சொல்லிருக்காக. பாதி உங்களுதாமே?"

"ஆமா."

"நாளைக்கு அமலு இறங்குதான். நீங்க இருக்கணும்."

நான் வேண்டிய அளவு சொன்னேன். அது மந்திரம் இல்லை என்றேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே எழுதியது என்றேன்.

"சிரிச்சிட்டு எழுதினா என்ன? அவனை நான் அழுதுகிட்டுத்தான் பெத்தேன். அதுக்காவ அவன் அழுதுகிட்டா திரியுதான்?"

"என்னால முடியாதும்மா. அவனை இறங்க வேண்டாம்னு சொல்லுங்க. வேற வேலை பார்க்கச் சொல்லுங்க."

"வேற வேலை நீங்க வச்சிருக்கியளா?" கோபத்தில் கேட்கவில்லை. இருந்தால் சொல்லட்டுமே என்பதுபோலத்தான் கேட்டார். என்னிடம் இல்லை. கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மகனுக்குக் கொடுப்பதற்காக என் போன் எண்ணை வாங்கிக்கொண்டு போனார்.

அடக்கம் முடிந்து திரும்பிய இமாம் என்னைப் பார்த்து நின்றார். "நான் இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லியிருக்கணும், மேடம்" என்றார். நான் தலையசைத்தேன். எதற்குத் தலையசைத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். பலமாகச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி கேட்டிருப்பார் என்று எங்கள் இருவரில் யாரும் உண்மையில் நினைக்கவில்லை.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றுகிறவர் தன் வயிற்றைக் காயப்போடமாட்டார். வேறு சிலர் அவரை மகான் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அதை அவர் கேட்டால் எழுந்து வந்து அடிப்பார். எனக்குத் தெரிந்தவர், தான் எழுதியதற்குப் பொறுப்பேற்று நின்ற ஒரு மனிதர். அது நம்பிக்கையா, வெட்கமா, அந்த அம்மாவிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத பலவீனமா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போதும் அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறேன்.

மறுநாள் நடந்தது இது.

காலையில் தோசை சுட்டுச் சாப்பிட்டேன். வேண்டுமென்றேதான் சாப்பிட்டேன். எட்டரை மணிக்கு மேல் அமல் போன் செய்தான். பின்னால் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது.

"டீச்சர், சாப்பிட்டிட்டியளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் தைரியமாக இறங்கியிருப்பான்.

"சாப்பிட்டேன் அமல்."

"சரி டீச்சர்" என்றான். கம்ப்ரசரையும் ட்யூபையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கும் சரி என்றான்.

அன்று கல்லூரியில் என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. இரண்டு மணி தாண்டியும் போன் வரவில்லை. மூன்று மணிக்கு வந்தது.

"ஏறியாச்சு டீச்சர்."

"நீ நல்லா இருக்கியா?"

"நான் இறங்கலியே. மத்த ரெண்டு பேரும் இறங்கினானுவ. நான் மேல இருந்து ட்யூபப் பிடிச்சிக்கிட்டேன். ஏறும்போது பைய ஏறுங்கலேன்னு கயித்த இழுத்து இழுத்து நிப்பாட்டினேன். திட்டுதானுவ." சிரித்தான். "கூலி பாதிதான்."

பிறகு தயங்கி, "நான் இன்னும் ஒண்ணும் திங்கல டீச்சர். இனிமேத்தான்" என்றான்.

அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணாச்சியிடமும் கித்தேரியம்மாளிடமும் அத்தனை சொன்னவள் நான்.

"போய்ச் சாப்பிடு" என்றேன்.